தங்கை மகனும் தூரதேசமும்

ஹைதராபாத் நகரின் மேற்கோரத்தில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாறையும் முட்புதருமாகக் கிடந்து, 1998-இல் பக்கத்து மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பிறகு உருவமே மாறிப்போன கொண்டாப்பூரில், தெலுங்கரும் தமிழரும் வடநாட்டாரும் கலந்து வாழும் அடுக்ககங்களில், ஒரு கிளையேனும் அமெரிக்காவிலோ கனடாவிலோ வேரூன்றாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். (இதே பெயருடன், சங்காரெட்டிக்கு அருகே, சாதவாகனர் காலத்துக் காசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட கொண்டாப்பூர் வேறு, நாம் பேசுவது ரங்காரெட்டி மாவட்டத்துச் சேரிலிங்கம்பள்ளி மண்டலத்தைச் சேர்ந்த ஊர்.) அத்தகைய குடும்பமொன்றில் அகால மரணம் நேர்ந்து, காரியங்களெல்லாம் முடிந்து, வந்தவர்கள் பெட்டி கட்டத் தொடங்கும் வேளையில், கடல்கடந்து வந்த தாய்மாமன், "இவனை நான் அழைத்துக்கொண்டு போகிறேன், என் பிள்ளையாக வளர்க்கிறேன்" என்று தங்கையிடம் சொல்வது நம் சமூகத்தில் புதுமையன்று, அதில் பொய்யும் இல்லை. ஆயினும் அந்த வாக்கை ஒரு விமானச் சீட்டாக மாற்ற அவர் புறப்பட்டவுடன், இரண்டு தேசங்களின் சட்டங்களும் ஒரு சர்வதேச உடன்படிக்கையும் குறுக்கே வந்து நிற்கின்றன. அவை மூன்றும் கேட்கிற கேள்வி, குடும்பம் கேட்டுப் பழகிய கேள்வியே அல்ல.

பொதுவாக நம்மவர் இதை இரண்டு படிகளாகவே நினைக்கிறார்கள். முதலில் தத்து எடுத்துக்கொள்வது, பிறகு ‘ஸ்பான்சர்’ செய்வது. தத்தெடுக்காமலே ஸ்பான்சர் செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் விடை சுருக்கமானது: அண்ணன் மகன், தங்கை மகன் என்ற உறவுக்கு அங்கே குடியேற்ற வகையே கிடையாது. அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட ஒருவர் தம் உடன்பிறந்தாளுக்காக மனுச் செய்யலாம். அவளோடு அவளுடைய குழந்தைகளும் போகலாம். ஆனால் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 இடங்களே ஒதுக்கப்பட்டு, அதிலும் எந்த ஒரு நாடும் நூற்றுக்கு ஏழு பங்குக்குமேல் பெறக்கூடாது என்ற வரம்பு இருப்பதால், இந்தியாவைச் சேர்ந்த விண்ணப்பதாரர் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகவும் காத்திருக்க நேர்கிறது. மூன்று வயதுப் பாலகனுக்காக இன்று மனுப்போட்டால், முறை வரும்போது அவன் இருபத்தொரு வயதைக் கடந்து, சட்டத்தின் கண்ணில் குழந்தையாக இருப்பதை விட்டே போயிருப்பான். இக்கொடுமையைத் தணிக்க 2002-இல் இயற்றப்பட்ட சட்டம், மனு அலுவலகத்தில் பரிசீலனையில் கிடந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழிக்கிறதேயன்றி, வரிசையில் நின்ற காலத்தைக் கழிப்பதில்லை. எனவேதான், தத்து என்பது அன்பின் வழியாக மட்டுமன்றி, திறந்திருக்கும் ஒரே கதவாகவும் பலருக்குத் தோன்றுகிறது.

தாய்மாமன் தங்கை மகனைத் தத்தெடுக்கலாமா என்பதே நம் நாட்டில் ஒரு காலத்தில் பெரிய விவாதப் பொருளாக இருந்தது என்பதை இன்று நினைவு வைத்திருப்போர் மிகச் சிலர். எந்தப் பெண்ணை ஒருவன் மணந்திருக்க முடியாதோ, அவள் வயிற்றுப் பிள்ளையை அவன் சுவீகாரம் செய்துகொள்ளலாகாது என்பது, நந்தபண்டிதரின் தத்தக மீமாம்சையைப் போன்ற நூல்களைப் பின்பற்றியவர்களின் கொள்கை. அதன்படி சகோதரி மகன், மகள் வயிற்றுப் பேரன், தாயின் சகோதரி மகன் ஆகிய மூவரும் விலக்கப்பட்டார்கள். தென்னாட்டார் இதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம், தென்னிந்தியப் பிராமணரிடையேகூடச் சகோதரி மகனையும் மகள் வயிற்றுப் பேரனையும் தத்தெடுக்கும் வழக்கம் நிலைபெற்றிருப்பதால் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, இராமநாதபுரம் ஜமீன் வழக்கில், 1868-இல், எழுதிய சாஸ்திரத்தைக் காட்டிலும் தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் வலியது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் கூறியிருந்தது. தத்தம் என்பது அந்நாளில் குடும்பத்தின் விவகாரம்; நீதிமன்றம் வழக்கம் என்னவென்று விசாரித்ததேயல்லாமல், பிள்ளைக்கு அது நன்மையா என்று விசாரிக்கவில்லை. சொத்தும் பிண்டமும்தான் வழக்கின் பொருள். பிள்ளை அவ்விரண்டையும் சுமந்துசெல்லும் கருவி.

1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் பழைய விலக்குகளை நீக்கி, பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றாக்கி, தத்தஹோமம் அவசியமில்லை, பெற்றோர் கொடுக்க வளர்ப்போர் வாங்குவதாகிய செயலே போதும் என்று நிலைநாட்டியது. குழந்தை பதினைந்து வயதுக்கு உட்பட்டதாயிருக்க வேண்டும். ஆண்மகவு உள்ளவர் இன்னோர் ஆணையும், பெண்மகவு உள்ளவர் இன்னொரு பெண்ணையும் எடுக்கலாகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்யப்பட்ட பத்திரம் இருந்தால், சட்டம் கோரும் யாவும் நிறைவேறியதாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். முறை கொண்டாடும் தமிழர் தெலுங்கர் வீடுகளில் இதனால் விளையும் ஒரு விசித்திரத்தையும் இங்கே குறிப்பிடலாம்: தங்கை மகனைத் தத்தெடுத்த அன்றே, மாமன் மகள் முறைப்பெண் என்ற ஸ்தானத்தை இழந்து அவனுக்குத் தமக்கையோ தங்கையோ ஆகிவிடுகிறாள். இதை யோசித்துவிட்டுப் பத்திரம் எழுதியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குச் சந்தேகமே.

கொண்டாப்பூர்க் குடும்பம் நம்பிப் போவது இந்தப் பத்திரத்தைத்தான். மாமனுக்கு விடுமுறை மூன்று வாரம். வக்கீல் ஒருவர் வாசகம் தயாரிக்கிறார். புகைப்படம் ஒட்டி, விரல்ரேகை வைத்து, சாட்சிகள் கையெழுத்திட்டு, ஒரே நாளில் பையன் சட்டப்படி மாமன் மகனாகிறான். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். அந்தப் பத்திரமே அவனுடைய அமெரிக்கப் பிரயாணத்துக்கு முதல் இடையூறு என்பது பல மாதம் கழித்தே தெரியவருகிறது.

ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இந்த விஷயத்தில் அரசாங்கங்கள் எவ்வாறு நுழைந்தன என்று பார்க்க வேண்டும். லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பினால், அயல்நாட்டாருக்குக் குழந்தை கொடுப்பதற்கு முதன்முறையாக வரைமுறைகள் பிறந்தன. 1990-இல் மத்திய தத்தெடுப்பு அமைப்பாகிய ‘காரா’ ஏற்பட்டது. வரைமுறைகள் இருந்தும் வியாபாரம் நடந்தது. இதற்கு ஹைதராபாத்தைவிடக் கசப்பான சாட்சி வேறில்லை: நூற்றாண்டின் திருப்பத்தில், 1999-லும் 2001-லும், தெலங்கானத்து லம்பாடித் தாண்டாக்களிலிருந்து பெண்சிசுக்கள் அற்ப விலைக்கு வாங்கப்பட்டு, அனாதை இல்லங்கள் வழியாக அயல்நாட்டுத் தத்துக்கு அனுப்பப்பட்டது அம்பலமாகி, பெற்றோர் தாமாகவே குழந்தையைத் துறந்து ஒப்படைப்பதையே ஆந்திரப் பிரதேச அரசு தடைசெய்ய நேர்ந்தது. 2005-இல் சென்னையில் பிடிபட்ட கும்பலின் கதை இன்னும் பயங்கரமானது. குடிசைப் பகுதிகளில் வாசலில் விளையாடிய குழந்தைகளே திருடப்பட்டு, பொய்யான துறவுப் பத்திரங்களோடு வெளிநாடுகளுக்குப் போயிருந்தார்கள். பெற்றவளின் கைநாட்டுடன் கூடிய பத்திரம் எதையும் நிரூபிக்காது என்ற முடிவுக்குச் சட்டம் வந்ததில் வியப்பில்லை. தங்கை மகனை அழைத்துப்போக வந்த மாமனைப் பார்த்தும் அதிகாரி அதே கண்ணால்தான் பார்க்கிறார். அவர் பார்வை கடுமை என்று சொல்லலாம், காரணமற்றது என்று சொல்ல முடியாது.

1993 மே 29-இல் ஹேக் நகரில் முடிவான சர்வதேசத் தத்தெடுப்பு உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. அமெரிக்காவில் அது 2008 ஏப்ரல் முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. அவ்வுடன்படிக்கை உறவினரைத் தனியே நினைவுகூரும் இடம் 29-ஆம் ஷரத்து: சம்மதங்கள் பெறப்படும்வரை வளர்க்க விரும்புவோரும் பெற்றோரும் சந்திக்கலாகாது என்ற தடை, குடும்பத்துக்குள்ளே நிகழும் தத்துக்கு இல்லை. மற்றபடி, அறியாத அந்நியர் அறியாத சிசுவை எடுக்கும்போது என்னென்ன சோதனைகளோ, அவ்வளவும் மாமனுக்கும் உண்டு. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒரு தேசத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் தத்து எதுவாயினும் தன் வழியாகவே நடக்க வேண்டும் என்கிறது; அதே பிரிவின் முந்தைய உட்பிரிவு, இந்து சட்டப்படி நடக்கும் தத்துக்குத் தான் பொருந்தாது என்றும் சொல்கிறது. ஒரே பிரிவுக்குள் இவ்விரண்டும் இருந்ததால், பத்திரம் எழுதிய குடும்பங்கள் காராவின் தடையில்லாச் சான்றுக்காக உயர் நீதிமன்றங்களின் படியேறின. 2021 செப்டம்பரில் வந்த திருத்த விதிகளே, மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்புக்குப் பிறகு அத்தகைய தத்துகளுக்கும் சான்று தர வழிவகுத்தன.

‘உறவினர்’ என்றால் யார் என்பதையும் 2015-ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுக்கிறது: தந்தைவழியிலும் தாய்வழியிலும் மாமன், சிற்றப்பன், பெரியப்பன், அத்தை, சித்தி, பெரியம்மை, அப்புறம் இருவழிப் பாட்டன் பாட்டி. ஒன்றுவிட்ட அண்ணனுக்கு இடமில்லை. ஏன், கூடப்பிறந்த மூத்தவனுக்குங்கூட அந்தப் பட்டியலில் இடமில்லை.

இனி, ஒழுங்கான வழியில் போகும் மாமன் செய்யவேண்டியது என்ன? முதலில் அவர் அமெரிக்கப் பிரஜையாக இருத்தல் வேண்டும். கிரீன் கார்டு மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தின் சமூகப் பணியாளர் அவர் வீட்டுக்கு வந்து, வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி, தம்பதியரின் மனப்பொருத்தம் யாவற்றையும் விசாரித்து ‘ஹோம் ஸ்டடி’ என்ற அறிக்கை எழுத வேண்டும். அதைக் கொண்டு ஐ-800ஏ என்ற படிவத்தில் அவர் தகுதியுடையவர் என்று அமெரிக்க அரசு ஒப்பிய பிறகு, காகிதங்கள் காராவுக்கு வருகின்றன. இங்கே மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகினர் கொண்டாப்பூர் வீட்டுக்கு வந்து பிள்ளையின் குடும்பப் பின்னணியை எழுதுகிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியிருந்தால் அவனுடைய சம்மதமும் கேட்கப்பட வேண்டும். பிறகு இந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்காக ஐ-800 மனு. அது தற்காலிகமாக ஏற்கப்பட்டு, அமெரிக்கத் தூதரகம் ஹேக் உடன்படிக்கையின் ஐந்தாம் ஷரத்துக் கடிதம் தந்த பின்னரே, ஆம், பின்னரே, தத்தெடுப்பு உத்தரவு பிறக்கலாம். அந்த அதிகாரம் முன்பு நீதிமன்றத்திடம் இருந்தது. 2021-ஆம் ஆண்டின் திருத்தத்தால், 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரிடம் போயிருக்கிறது. கொண்டாப்பூர்வாசிக்கு அது நகரத்தின் மறுகோடியில், இப்ராகிம்பட்டணம் பக்கம் கொங்கர கலானில் இருக்கும் ரங்காரெட்டி ஆட்சியரகம். அதற்கும் பிறகு காராவின் தடையில்லாச் சான்று, உடன்படிக்கைக்குப் பொருத்தமானதென்ற 23-ஆம் ஷரத்துச் சான்று, புதிய பெற்றோர் பெயருடன் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட். 2023 மார்ச்சில் பேகம்பேட்டையிலிருந்து நானக்ராம்கூடாவுக்கு மாறிய அமெரிக்கத் துணைத்தூதரகம் கொண்டாப்பூருக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் தத்துப்பிள்ளைக்கான குடியேற்ற விசாவுக்குப் புதுடில்லிக்குத்தான் போகவேண்டும்.

ஆக, குடும்பம் முதற்படி என்று நினைத்தது இங்கே ஏறக்குறையக் கடைசிப்படி. முன்கூட்டியே பத்திரம் எழுதிப் பதிவுசெய்து பாயசம் வைத்தவர்கள் இந்த வரிசையைக் குலைத்துவிட்டார்கள். அதை மறுபடி சீர்செய்வது, முதலிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் கடினம்.

இருந்தாலும் வரிசை என்பது பொறுமையாலும் பணத்தாலும் தாண்டக்கூடியது. தாண்ட முடியாத ஒன்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஓர் உட்பிரிவில் இருக்கிறது. பிள்ளையின் தாயும் தந்தையும் இருவரும் உயிரோடிருந்தால், அவ்விருவரும் அவனைத் தக்கபடி பராமரிக்க இயலாதவர்கள் என்று நிரூபிக்கப்பட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால், எஞ்சியவரின் மீளப்பெறவியலாத எழுத்துச் சம்மதம் போதும். கணவனை இழந்த தங்கைக்கு வழி உண்டு; மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்க்கும் கணவனும், சொந்த அடுக்ககமும், காரும் உள்ள தங்கைக்கு இல்லை. "எங்களால் இவனை வளர்க்க முடியாது" என்று அவர்கள் எழுதிக்கொடுத்தால், கொண்டாப்பூர் பள்ளியொன்றில் அவனுக்கு அவர்கள் கட்டும் கட்டண ரசீதே அதைப் பொய்யாக்கிவிடும். நல்ல படிப்பு, பெரிய எதிர்காலம் என்பவையெல்லாம் காரணங்களாகா. பிள்ளைக்குக் குடும்பம் தேவையா என்று சட்டம் கேட்கிறது. குடும்பமோ பிள்ளைக்கு அமெரிக்கா தேவை என்று பதில் சொல்கிறது. இவ்விஷயத்தில் நான் சட்டத்தின் பக்கம்தான். உயிரோடிருக்கும் தாய்தந்தையரிடமிருந்து ஒரு சிறுவனைச் சட்டப்படி அறுத்தெடுப்பதற்கு, பல்கலைக்கழகக் கட்டணச் சலுகை ஒரு நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு மாற்றாக, தத்தெடுத்த பிள்ளையோடு இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்து, இரண்டாண்டு சட்டபூர்வமான பொறுப்பும் வகித்து, பிறகு சாதாரண மனுவில் அழைத்துப்போகும் பழைய வழி ஒன்றும் இருக்கிறது. இந்தியாவிலே வந்து உண்மையாகவே குடியிருந்து வளர்க்கிறவர்களுக்கே அது பயன்படும். வயதையும் பார்க்க வேண்டும்: இந்து சட்டத்துக்குப் பதினைந்து, அமெரிக்காவுக்குப் பதினாறு, இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பதினெட்டு. பதினாறைத் தாண்டிய பையன் இங்கே நன்றாகத் தத்தாகிவிடலாம். அங்கே போக முடியாது. அவனுடைய தம்பியோ தங்கையோ அதே பெற்றோரால் பதினாறுக்குள் தத்தெடுக்கப்பட்டால் மட்டும் மூத்தவனுக்குப் பதினெட்டுவரை சலுகை.

எதிர்த்திசைப் பிரயாணம் எளிதாயிருக்கும் என்று எண்ணினால் அதுவும் இல்லை. அயல்நாட்டில் பிறந்து அந்நாட்டுப் பிரஜையாகிவிட்ட உறவுக் குழந்தையை இங்கே தத்தெடுக்க விரும்பிய ஒரு தம்பதியின் வழக்கில், 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், அமெரிக்கப் பிரஜையான குழந்தை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாகவோ சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையாகவோ இருந்தாலன்றி, உறவாயினும் இளைஞர் நீதிச் சட்டம் அதற்குப் பொருந்தாது, அத்தகைய தத்துக்கு அடிப்படை உரிமையும் கிடையாது என்று கூறிவிட்டது. சில மாதச் சிசுவாக இந்தியாவுக்கு வந்து அவர்களிடமே வளர்ந்த குழந்தை அது. முதலில் அமெரிக்கச் சட்டப்படி அங்கே தத்து முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது காராவின் நிலைப்பாடு. கொண்டாப்பூரில், பிறந்த மண்ணின் நீலப் பாஸ்போர்ட்டோடு பாட்டியிடம் வளரும் குழந்தைகள் இருக்கிற நிலையில், இந்தத் தீர்ப்பை அவர்கள் வீட்டார் ஒருமுறையாவது படித்துப் பார்த்தல் நலம்.

மற்ற தேசங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கனடா, தத்தெடுக்காமலே, தாய்தந்தை இருவரையும் இழந்த, பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத தம்பி, தங்கை, மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகளை ஸ்பான்சர் செய்ய அனுமதிக்கிறது (மருமகன் என்றது இங்கே உடன்பிறந்தார் பிள்ளையை). போரில் பெற்றோரை இழந்த ஈழத்துப் பிள்ளைகளை டொராண்டோவிலுள்ள சிற்றன்னையரும் மாமன்மாரும் அழைத்துக்கொள்ளக் கூடிய வழி இது. பிள்ளைக்குப் பெற்றோரின் பெயரை மாற்றாமல், உறவை உறவாகவே ஏற்கும் சட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. இங்கிலாந்திலோ, இந்தியத் தத்து அங்கீகரிக்கப்படாத காரணத்தால் பஞ்சாபிச் சிறுவன் ஒருவன் பிறந்த சில மாதங்களிலேயே தத்துக்கொண்ட உறவுக்காரப் பெற்றோரைச் சேர முடியாமல் ஆண்டுக்கணக்கில் இந்தியாவில் கிடக்க, 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தாள் எப்படியிருந்தாலும் குடும்ப வாழ்வு என்ற ஒன்று அங்கே உண்மையில் இருக்கிறது, அதை மறுப்பது மனித உரிமைக்கு விரோதம் என்று சொல்லி அவனை உள்ளே விட்டது.

கொரோனாக் காலத்தில் இந்தக் கேள்விகள் திடீரென்று ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுந்தன. 2020 ஏப்ரலுக்குப் பிறகு எக்காரணத்தாலோ இரு பெற்றோரையும் இழந்த குழந்தைகள் 10,094 பேர் என்று, 2022 ஜனவரி நிலவரப்படி, தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரு பெற்றோரை இழந்தவர் 1,36,910 பேர். வெளிநாட்டுச் சிற்றப்பனும் மாமனும் உதவ முன்வந்தபோது அவர்களுக்குக் காத்திருந்தவை மேலே சொன்ன படிகளே.

இந்தச் சட்டங்களையெல்லாம் படித்து முடிக்கும்போது, 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் உள்ள ஒரு வாக்கியம் தனித்து நிற்கிறது. வெளிநாட்டு உறவினர் தடையில்லாச் சான்று பெற்றுக் குழந்தையை ஏற்றுக்கொண்டபின், அது தன்னைப் பெற்றோருடனும் உடன்பிறந்தாருடனும் அவ்வப்போது தொடர்பு வைத்திருக்க உதவ வேண்டும் என்பது அதன் கட்டளை. தத்தென்றால் பழைய உறவு அற்றுப்போதல் என்று சொல்லும் சட்டங்களுக்கு நடுவே, எழுதியவர் யாராயினும், நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று அறிந்தவர். அதை மீறினால் என்ன என்பதற்கு அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

அமெரிக்கச் சட்டமோ நேர்மாறு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இருந்த உறவு முடிந்தாக வேண்டும். பெற்றவள் பிற்காலத்தில் அந்தப் பிள்ளையின் மூலமாக எந்தக் குடியேற்ற உரிமையும் கோரக்கூடாது. அவன் வளர்ந்து, பிரஜையாக வாக்களிக்கும் வயதடைந்து, தாயை அழைத்துக்கொள்ள விரும்பினாலும் முடியாது. கொண்டாப்பூரில் இருக்கும் அவள் அவனைப் பார்க்கச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், நானக்ராம்கூடாவில் அதிகாரி முன் நின்று தான் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பவைக்கலாம். 60-ஆம் பிரிவைக் காட்டி வாதாடுவதற்கில்லை, அது அந்த அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. நிரந்தரமாகப் போக அவளுக்கு ஒரே வழி, அண்ணன் போடும் உடன்பிறந்தாள் மனு. பையனின் தாய் என்ற முறையிலன்று, அவனை வளர்ப்பவரின் தங்கை என்ற முறையில், அதே நீண்ட வரிசையில் அவள் சேரலாம். பையனைக் கூட்டிப்போகும் வேலை தொடங்கும் நாளிலேயே அந்த மனுவையும் போட்டுவைக்கும்படி வக்கீல் யாரேனும் சொன்னால், அது அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.